மகள் வானியலில் பிஎச்டி என்கிறாள்: செலவு, பாதுகாப்பு, பிழைப்பு எல்லாம் எப்படி?

அப்பளக்கடை_கல்லிடை கேட்கிறார்:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு ஊர் கல்லிடைக்குறிச்சி. அப்பளம் போட்டு விற்கிற குடும்பம். நான் ப்ளஸ் டூவோடு நிறுத்தியவன், அதனால் கேள்வி கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூத்தவள் பாளையங்கோட்டையில் எம்எஸ்சி இயற்பியல் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். தினமும் ரயிலில் போய் வருகிறாள். இதை முடித்துவிட்டு பி.எட் சேருவாள், டீச்சர் ஆவாள் என்றுதான் வீட்டில் இவ்வளவு நாளும் பேச்சு. தீபாவளி கழிந்த வாரம், வானியலில் பிஎச்டி பண்ணப் போகிறேன் என்றாள். அவள் அம்மா "எத்தனை வருஷம்?" என்று மட்டும் கேட்டாள். "அஞ்சு, ஆறு ஆகும்" என்றதும் எழுந்து அடுக்களைக்குப் போனவள்தான், இன்னும் அந்தப் பேச்சுக்கு வரவில்லை.

திடீர் ஆசை என்றும் சொல்ல முடியாது. 2010-ல் மாட்டுப் பொங்கல் அன்று மத்தியானம் வளையக் கிரகணம் வந்ததே, தெருவில் பாதிப் பேர் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார்கள். இவளுக்கு ஏழு வயசு. கறுப்புக் கண்ணாடியை வைத்துக்கொண்டு மொட்டை மாடியை விட்டு இறங்கவே இல்லை. கொஞ்சம் அப்பளம் காய்ந்துகொண்டிருந்தது, எடுத்து உள்ளே வையுங்கள் என்றால், ஒரு தட்டை மட்டும் விட்டு வையுங்கள், எவ்வளவு மெதுவாகக் காய்கிறது என்று பார்க்கணும் என்றாள். அப்போது சிரித்தோம்.

இப்போது என் கேள்விகள். பத்துப் பதினைந்து லட்சம் ஆகும், அதுவும் வெளிநாடு போனால்தான் உண்டு என்கிறான் என் மைத்துனன். நிஜமா? இன்னொருத்தர், நம்ம செங்கோட்டை நிகர் ஷாஜி அம்மா சூரியனைப் பார்க்கிற ஆதித்யா விண்கலத்தை அனுப்பினார்களே, அந்த மாதிரி இஸ்ரோவில் சேரச் சொல்லுங்கள் என்கிறார். இரண்டும் ஒன்றா, வேறா? ராத்திரி முழுக்க மலை மேல் தனியாக உட்கார்ந்திருக்கணுமாமே, பொம்பளைப் பிள்ளைக்கு அது சரிப்படுமா? எல்லாம் முடித்தால் சோறு போடுமா?

அவளிடமே கேட்டால் எல்லாவற்றையும் நல்லபடியாகத்தான் சொல்வாள். அதனால்தான் வெளியாட்களிடம் கேட்கிறேன்.

வாகையடிமுக்கு எழுதுகிறார்:

அண்ணாச்சி, சுருக்கமாகச் சொல்கிறேன். பி.எட் போடுங்கள், டிஆர்பி (ஆசிரியர் வேலைக்கான அரசுத் தேர்வு) எழுதச் சொல்லுங்கள். என் கூடப் படித்தவன் ஒருத்தன் இயற்பியலில் டாக்டர் பட்டம் வாங்கிவிட்டு ஒரு தனியார் கல்லூரியில் வாங்குகிற சம்பளத்தைச் சொன்னால் நீங்கள் அழுதுவிடுவீர்கள். நட்சத்திரத்தை மாடியில் இருந்தே பார்க்கலாம், அதற்குப் பட்டம் எதற்கு?

ஆழ்வார்குறிச்சிக்காரி எழுதுகிறார்:

அண்ணாச்சி, நான் அம்பைக்கு அந்தப் பக்கம், ஆழ்வார்குறிச்சி. பக்கத்துக் கல்லூரியில் பிஎஸ்சி, பாளையங்கோட்டையில் எம்எஸ்சி, அப்புறம் பெங்களூரில் வானியலில் பிஎச்டி. இப்போதும் அந்தத் துறையில்தான் வேலை பார்க்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், வியாபாரம் ஓய்ந்த நேரத்தில் படியுங்கள்.

முதலில் பணம். உங்கள் மைத்துனர் சொல்கிற அந்தப் பேச்சுதான் நம் பக்கத்தில் நிறையப் பிள்ளைகளைத் தடுத்துவிடுகிறது. இந்தியாவில் நல்ல ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்தால் நீங்கள் பணம் தர வேண்டாம், அவர்கள் உங்கள் மகளுக்குத் தருவார்கள். 2023-லிருந்து முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000 ரூபாய், அதற்குப் பிறகு 42,000. விடுதி கிடைக்காவிட்டால் வீட்டு வாடகைப் படி தனி. நிறுவனத்துக்கும், பட்டம் தருகிற பல்கலைக்கழகத்துக்கும் கட்டுகிற கட்டணம் அந்த உதவித்தொகைக்குள்ளேயே அடங்கிவிடும். நான் முதல் வருஷத்திலிருந்தே வீட்டுக்குப் பணம் அனுப்பினேன். அப்பாவுக்கு ரொம்ப நாள் சந்தேகம், படிக்கிற பிள்ளைக்கு எதற்குச் சம்பளம் தருகிறார்கள், ஏதாவது பத்திரத்தில் கையெழுத்து வாங்கியிருப்பார்களோ என்று.

ஆனால் சும்மா தர மாட்டார்கள், பரீட்சை உண்டு. ஜெஸ்ட் என்று ஒன்று, வருஷத்துக்கு ஒரு தடவை, வருஷ ஆரம்பத்தில் வரும். பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனம், நைனிடால் ஏரீஸ் மாதிரி பல இடங்களுக்கு அதுதான் வாசல். சிஎஸ்ஐஆர் நெட் வருஷத்துக்கு இரண்டு தடவை. அதில் ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகைக்கான தகுதியை வாங்கிவிட்டால் பல இடங்களில் நேராக இன்டர்வியூவுக்குக் கூப்பிடுவார்கள். கேட் தேர்வின் இயற்பியல் தாளையும் சில இடங்களில் எடுத்துக்கொள்கிறார்கள். புணேயில் அயூகா என்ற வானியல் மையம் தனியாக ஒரு தேர்வு வைக்கிறது. எம்எஸ்சி கடைசி வருஷத்திலேயே எழுதலாம், அதனால் அவள் இந்த வருஷமே எழுத வேண்டும். இது முக்கியம். படிப்பை முடித்துவிட்டுப் பார்க்கலாம் என்று விட்டால் ஒரு வருஷம் வீட்டில் சும்மா இருக்கும்படி ஆகும், அந்த ஒரு வருஷத்தில் வீட்டில் என்னென்ன பேச்சு வரும் என்று உங்களுக்கே தெரியும்.

பரீட்சையில் வானியல் கொஞ்சம்தான். இயந்திரவியல், மின்காந்தவியல், குவாண்டம், வெப்பவியல், கணிதம், இவைதான். இன்டர்வியூவிலும் அப்படியே. எந்த நட்சத்திரம் எந்த ராசியில் என்று யாரும் கேட்பதில்லை. என்னைப் பலகைக்கு எழுப்பி, "பூமி சூரியனைச் சுற்ற ஒரு வருஷம் ஆகிறது, தூரம் 15 கோடி கிலோமீட்டர், இந்த இரண்டை மட்டும் வைத்துச் சூரியனின் நிறையைச் சொல்" என்றார்கள். ஈர்ப்பு மாறிலி ஞாபகம் இருந்தால் நாலு வரி. 2 போட்டுப் பின்னால் 30 சுழி, அவ்வளவு கிலோ. நான் நாலாவது வரிக்கு வந்ததும், "இதே முறையில் வியாழனின் நிறையைக் கண்டுபிடிக்க உனக்கு என்ன தெரிய வேண்டும்?" என்று அடுத்த கேள்வி. வியாழனின் நிலா ஒன்றின் தூரமும் அது சுற்றுகிற காலமும் என்றேன். இங்கிலீஷ் தடுமாறியது, அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்த மாதிரி எளிய கணக்கைக் கையில் சாக்பீஸோடு, யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போடப் பழகச் சொல்லுங்கள். நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு விடை தெரியும், ஆனால் முழு விடையும் வந்த பிறகுதான் வாயைத் திறப்பார்கள். இன்டர்வியூ அறையில் அந்த மௌனம் நமக்கு எதிராகத்தான் போகும்.

வெளிநாடு போனால்தான் உண்டு என்பதும் சரியில்லை. சூரியக் கரும்புள்ளிகளைச் சுற்றி வாயு கிடையாக ஓடுவதை எவர்ஷெட் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி 1909-ல் கண்டது நம் கொடைக்கானலில் உட்கார்ந்துதான். அதற்கு இன்றைக்கும் உலகம் முழுக்க அவர் பெயர்தான். ஊட்டியில் 530 மீட்டர் நீளத்துக்கு ஒரு ரேடியோ தொலைநோக்கி இருக்கிறது. மலைச்சரிவின் சாய்வு அந்த இடத்தின் அட்சரேகைக்குச் சரியாக இருக்கும்படி இடம் தேடி 1970-ல் கட்டினார்கள். அதனால் ஒரே அச்சில் திருப்பினாலே ஒரு நட்சத்திரத்தை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் விடாமல் தொடரலாம். காவலூரில் 2.34 மீட்டர் கண்ணாடி உள்ள தொலைநோக்கி 1986-லிருந்து ஓடுகிறது. எல்லாம் தமிழ்நாட்டுக்குள்.

இப்போது ராத்திரி விஷயம். உங்கள் கேள்வியில் நியாயம் இருக்கிறது, என் அம்மாவும் இதைத்தான் கேட்டாள். காவலூர் என்பது ஜவ்வாது மலையில், ஆலங்காயம் பக்கம், சந்தன மரங்கள் இருக்கிற காடு. தனியாக யாரையும் விட மாட்டார்கள். தொலைநோக்கியை இயக்க அனுபவமுள்ள ஊழியர்கள் கூடவே இருப்பார்கள். அவர்களில் பலர் சுற்றுவட்டாரக் கிராமத்துக்காரர்கள். தங்குமிடமும் சாப்பாடும் வளாகத்திலேயே. சாயங்காலம் வெளிச்சம் முழுசாகப் போவதற்கு முன்பே வேலை ஆரம்பித்துவிடும். கருவியின் ஒவ்வொரு புள்ளியும் ஒரே மாதிரி வெளிச்சம் வாங்குகிறதா என்று பார்க்கச் சீரான வெளிச்சத்தில் சில படங்கள், மூடியைத் திறக்காமலே சில வெற்றுப் படங்கள். அப்புறம் கூரை விலகும். அந்தச் சத்தத்தைப் பழகுகிற வரைக்கும் உடம்பு திடுக்கிடும். நட்சத்திரத்தைப் பிடித்து அரை மணி, ஒரு மணி நேரம் ஒளியைச் சேர்ப்போம். நாம் உட்கார்ந்திருப்பது கணினி இருக்கிற அறையில். கண்ணை வைத்துப் பார்ப்பது எல்லாம் சினிமாவில்தான். நடுவில் மேகம் வந்தால் வெளியே போய் அண்ணாந்து பார்ப்பது, ஈரப்பதம் ஏறுகிறதா என்று எண்ணைப் பார்ப்பது, ஏறினால் கூரையை மூடிவிட்டு டீ. உங்களுக்கு ஐப்பசி கார்த்திகை எப்படியோ எங்களுக்கும் அப்படியே, வானம் விட்டால்தான் தொழில். அதனால் ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரைக்கும் உள்ள ராத்திரிகளுக்குத்தான் போட்டி.

அந்த ராத்திரிகளும் கேட்டவுடன் கிடைக்காது. எந்த நட்சத்திரம், ஏன், எத்தனை மணி நேரம், அதில் என்ன தெரிய வரும் என்று விண்ணப்பம் எழுத வேண்டும். ஒரு குழு அதைப் படித்து, பத்து ராத்திரி கேட்டால் மூன்று கொடுக்கும். அந்த மூன்றிலும் மழை என்றால் அவ்வளவுதான், மறுபடி எழுது. லடாக்கில் ஹான்லே என்ற இடத்தில் 4,500 மீட்டர் உயரத்தில் 2 மீட்டர் தொலைநோக்கி ஒன்று உண்டு. அதற்கு லடாக் போகவே வேண்டாம், பெங்களூருக்குப் பக்கத்தில் ஹொசகோட்டையில் இருந்து செயற்கைக்கோள் வழியாக இயக்குகிறார்கள். ஆகக்கூடி, வருஷத்தில் மலையில் இருக்கிற ராத்திரிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். மற்ற நாள் எல்லாம் மேசை, கணினி, பகல் வேலை.

நான் சொல்ல வந்த விஷயமே இதுதான் அண்ணாச்சி. செலவும் பாதுகாப்பும் நீங்கள் நினைக்கிற அளவுக்குப் பெரிய விஷயம் இல்லை. இந்தப் பிள்ளைக்கு வானத்தைப் பிடிக்கிறதா, அல்லது வானத்திலிருந்து வந்த எண்களோடு மாசக்கணக்கில் உட்காரப் பிடிக்கிறதா என்பதுதான் கேள்வி. என் ஆராய்ச்சி லித்தியம் அதிகமாக இருக்கிற வயதான நட்சத்திரங்களைப் பற்றியது. நட்சத்திரத்தின் ஒளியைப் பிரித்து நீள வரிசையாகப் பரப்பினால், 670.8 நானோமீட்டரில் ஒரு சின்னப் பள்ளம் விழும். சாதாரண நட்சத்திரத்தில் அது கண்ணுக்கே தெரியாது. சிலவற்றில் ஆழமாக விழும், ஏன் என்பதுதான் கேள்வி. அந்தப் பள்ளம் நிஜமா, கருவியின் கோளாறா, விண்வெளியிலிருந்து அண்டக்கதிர்த் துகள் ஒன்று வந்து அந்த இடத்தில் இடித்துவிட்டுப் போனதா என்று பார்ப்பதிலேயே என் இரண்டாம் வருஷம் போனது. என்னோடு சேர்ந்தவர்களில் ஒரு பையன், ஊரில் தானே கண்ணாடி தேய்த்துத் தொலைநோக்கி செய்தவன், வானத்தை மனப்பாடமாகச் சொல்வான். இந்த மேசை வேலையை அவனால் தாங்க முடியவில்லை, ஒன்றரை வருஷத்தில் போய்விட்டான். இப்போது பள்ளிப் பிள்ளைகளுக்கு வானம் காட்டுகிறான், சந்தோஷமாக இருக்கிறான். அதில் தோல்வி எதுவும் இல்லை. பிஎச்டி அவனுக்கான வழி இல்லை, அவ்வளவுதான்.

உங்கள் மகள் எந்த வகை என்பதைக் கல்லிடைக்குறிச்சியில் இருந்தே, ஒரு பைசா இல்லாமல் சோதித்துவிடலாம். டெஸ் என்று 2018-ல் நாசா அனுப்பிய விண்கலம் ஒன்று வானத்தைத் துண்டு துண்டாக, துண்டுக்கு ஏறக்குறைய 27 நாள் பார்த்துக்கொண்டிருக்கிறது. அதன் தரவு யாருக்கும் இலவசம். அதைப் படிக்க, பைத்தான் என்ற கணினி மொழியில் லைட்கர்வ் என்று ஒரு நிரல் தொகுப்பு இருக்கிறது, அதுவும் இலவசம். இரண்டு நட்சத்திரங்கள் ஒன்றையொன்று மறைத்துச் சுற்றுகிற இரட்டை ஒன்றை அவளே தேர்ந்தெடுத்து, அதன் ஒளி எத்தனை நாளுக்கு ஒருமுறை குறைகிறது என்று கண்டுபிடிக்கட்டும். கேட்க எளிது. ஆனால் விண்கலம் தரவை அனுப்பத் திரும்புகிற நேரத்தில் நடுவில் ஓர் இடைவெளி விழும். பெரிய பள்ளமும் சின்னப் பள்ளமும் மாறி மாறி வருவதைக் கவனிக்காவிட்டால் சரியான விடையில் பாதிதான் வரும். பக்கத்து நட்சத்திரத்தின் வெளிச்சமும் உள்ளே கசிந்திருக்கும். முதல் நாள் எல்லோருக்கும் ஜாலியாக இருக்கும். மூன்றாவது வாரமும் ராத்திரி சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் "இதோ வாரேன்" என்று சொல்லிவிட்டு வராமல் இருந்தாள் என்றால், நீங்கள் பயப்பட வேண்டியதில்லை.

கூடவே மாடியில் ஒரு வேலை கொடுக்கலாம். மழைக்காலம் முடிந்து தை மாதத்தில், இருட்டியதும் வடக்கே பார்த்தால் அல்கால் என்ற நட்சத்திரம் நல்ல உயரத்தில் நிற்கும். 2 நாள் 21 மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஒருமுறை, வெறுங்கண்ணுக்கே தெரிகிற மாதிரி மங்கி, பத்து மணி நேரத்துக்குள் பழையபடி ஆகிவிடும். பக்கத்து நட்சத்திரங்களோடு ஒப்பிட்டுத் தானே குறித்து வைத்து, அந்தக் காலக்கணக்கு வருகிறதா என்று பார்க்கட்டும். இன்டர்வியூவில் "நீயாக என்ன செய்தாய்?" என்று கேட்டால், இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை. தெற்கே அகத்தியர் நட்சத்திரமும் அதே நேரத்தில் தெரியும், பொதிகைக்கு அடியில் இருந்துகொண்டு அதைப் பார்க்காமல் விடக் கூடாது. அது ஆராய்ச்சிக்கு இல்லை, சும்மா.

இஸ்ரோ பற்றி. நிகர் ஷாஜி அம்மா படித்தது பொறியியல், அதுவும் நம் திருநெல்வேலி அரசுப் பொறியியல் கல்லூரியில். விண்கலத்தைக் கட்டி, அனுப்பி, உயிரோடு வைத்திருப்பது அந்த வழி. ஆதித்யாவில் சூரியனின் வெளிமண்டலத்தைப் பார்க்கிற முக்கியமான கருவியைச் செய்தது இந்திய வானியற்பியல் நிறுவனம். அதிலிருந்து வருகிற தரவை வைத்துச் சூரியனைப் புரிந்துகொள்வது உங்கள் மகள் கேட்கிற வழி. இரண்டும் அடிக்கடி சந்திக்கும், ஆனால் வாசல் வேறு.

கடைசியாகச் சோறு. வாகையடிமுக்கு சொன்னதில் பாதி உண்மை. பிஎச்டி முடிந்த கையோடு நிரந்தர வேலை கிடைப்பது அபூர்வம். இரண்டு வருஷம், மூன்று வருஷம் என்று தற்காலிக ஆய்வுப் பணிகள், பெரும்பாலும் வெளிநாட்டில், ஒன்றோ இரண்டோ முடித்த பிறகுதான் இங்கே நிரந்தர இடத்துக்குப் போட்டியிடவே முடியும். இடங்களும் குறைவு. நான் பார்த்தவரையில் ஒரு பகுதியினர்தான் வானியலிலேயே இருக்கிறார்கள். மற்றவர்கள் தரவு சார்ந்த கம்பெனி வேலை, கல்லூரி ஆசிரியர், அரசு ஆராய்ச்சிக்கூடம் என்று பிரிந்து போகிறார்கள். பட்டினி கிடக்கிறவர் யாரும் இல்லை, ஆனால் 35 வயசு வரைக்கும் எந்த ஊரில் இருப்போம் என்று தெரியாமல் இருக்கும். இதை உங்கள் வீட்டம்மாவிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். பிறகு தெரிந்தால் கோபம் மகள் மேல்தான் திரும்பும்.

காந்தஊசி எழுதுகிறார்:

மேலே எழுதிய அக்கா பெங்களூர், புணே என்றே போய்விட்டார்கள். திருநெல்வேலிக்குப் பக்கத்திலேயே ஒரு விஷயம் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போகிறேன். கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் இருக்கிறது. கிருஷ்ணாபுரம் என்றதும் எல்லோருக்கும் கோயில் சிற்பங்கள்தான் ஞாபகம் வரும். அதே ஊரில்தான் பூமிக்கு மேலே 80, 100 கிலோமீட்டர் உயரத்தில் காற்று எந்தப் பக்கம் ஓடுகிறது என்று ரேடார் வைத்துப் பார்க்கிறார்கள். ஏன் இங்கே வைத்தார்கள் என்றால், பூமியின் காந்த நடுக்கோடு நம் பக்கத்தை ஒட்டித்தான் போகிறது. காந்த ஊசியைத் தொங்கவிட்டால் மேலும் கீழும் அதிகம் சாயாமல் கிட்டத்தட்டக் கிடையாக நிற்கிற இடம். இந்தக் கோட்டுக்கு மேலே சுமார் 105 கிலோமீட்டரில் பகல் நேரத்தில் ஒரு பெரிய மின்னோட்டம் கிழக்கு நோக்கி ஓடுகிறது. சூரியனில் புயல் அடித்தால் அதுவும் ஆடும்.

இது நட்சத்திர ஆராய்ச்சி இல்லை, சூரியனும் பூமியும் சேர்ந்த ஆராய்ச்சி. ஆனால் பிஎச்டி என்பது எப்படி இருக்கும் என்று பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும் என்றால், எம்எஸ்சி கடைசிப் பருவப் புராஜெக்டை இந்த மாதிரி இடத்தில் செய்ய முடியுமா என்று தன் கல்லூரித் துறைத் தலைவர் மூலம் கேட்கச் சொல்லுங்கள். துறைத் தலைவர் கடிதம் இல்லாமல் நேராகப் போய் நின்றால் வேலைக்கு ஆகாது.

முக்கூடல்_வாத்தியார் எழுதுகிறார்:

நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர், பகுதி நேரத்தில் பிஎச்டி செய்கிறேன். அண்ணாச்சி வீட்டில் வேலை முதலில், ஆராய்ச்சி பிறகு என்று முடிவானால் இந்த வழியும் உண்டு. யுஜிசியின் 2022 விதிப்படி குறைந்தது மூன்று வருஷம், அதிகபட்சம் ஆறு, பெண்களுக்கு மேலும் இரண்டு வருஷம் தளர்வு, பிள்ளைப்பேறுக்கு 240 நாள் விடுப்பு. வேலை பார்க்கிற இடத்தில் ஆட்சேபணை இல்லை என்று சான்றிதழ் வாங்க வேண்டும். உதவித்தொகை கிடையாது, எல்லாம் நம் கையை விட்டுத்தான்.

ஆனால் ஒன்று. வானியலில் வழிகாட்டி கிடைப்பது நம் பக்கத்துக் கல்லூரிகளில் கஷ்டம். பெரும்பாலும் படிகம், மெல்லிய படலம், நானோ என்றுதான் இருக்கும். நானும் படிகம்தான் வளர்க்கிறேன், வானத்தில் ஒன்றும் இல்லை. 22 வயசில் முழு நேரம் போகிற வாய்ப்பு இருந்தால் அதை விட்டுவிட்டுப் பிறகு என் மாதிரி சனி ஞாயிறில் ஓட வேண்டாம் என்பது என் எண்ணம்.

அப்பளக்கடை_கல்லிடை எழுதுகிறார்:

எல்லோருக்கும் நன்றி. ஆழ்வார்குறிச்சித் தாயி, நீ எழுதியதை அவள் அம்மாவுக்கு முழுசாகப் படித்துக் காட்டினேன். 37,000 என்ற இடத்தில் ஒரு தடவை நிறுத்தச் சொன்னாள். 35 வயசு என்ற இடத்தில் இன்னொரு தடவை.

மகளிடம் அந்தத் தரவு விஷயத்தைச் சொன்னேன். உங்களுக்கு யார் சொன்னது என்று ஆச்சரியப்பட்டாள். இப்போது மடிக்கணினியில் ஏதோ கோடு கோடாக இறக்கி வைத்திருக்கிறாள். மூன்று வாரம் பார்க்கிறேன், அப்புறம் சொல்கிறேன்.

இன்னும் இரண்டு கேள்வி. கல்யாணம் என்று வந்தால் நடுவில் என்ன செய்வது? பிறகு, கைடு என்கிறார்களே, அவர் நல்லவரா இல்லையா என்று நாம் எப்படித் தெரிந்துகொள்வது? பெண் கொடுக்கிற இடம் என்றால் நாலு பேரிடம் விசாரிக்கலாம், இதற்கு யாரிடம் விசாரிக்க?

ஆழ்வார்குறிச்சிக்காரி எழுதுகிறார்:

கல்யாணத்துக்கு நான் நாலாவது வருஷம் லீவு போட்டேன், முடித்துவிட்டுத் திரும்பி வந்தேன். மாப்பிள்ளை வீட்டாரிடம் முதல் பேச்சிலேயே "இன்னும் இரண்டு வருஷம் பெங்களூர்தான், அப்புறம் எங்கே என்று தெரியாது" என்று அப்பா சொல்லிவிட்டார். அதைக் கேட்டு இரண்டு இடம் தட்டிப்போனது, மூன்றாவது இடம் சரி என்றது. தட்டிப்போனதற்கு இன்றைக்கு யாரும் வருத்தப்படவில்லை.

கைடு விஷயத்தில் நீங்கள் கேட்டதுதான் அண்ணாச்சி சரியான கேள்வி. படித்த பிள்ளைகள்கூட இதைக் கேட்காமல் நிறுவனத்தின் பெயரை மட்டும் பார்த்துச் சேருகிறார்கள். அதே விசாரணைதான், நாலு பேரிடம். அந்த ஆசிரியரிடம் இப்போது இருக்கிற மாணவர்களிடம், முக்கியமாக நாலாவது ஐந்தாவது வருஷத்தில் இருக்கிறவர்களிடம் பேச வேண்டும். முடித்துப் போனவர்கள் எத்தனை வருஷத்தில் முடித்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள், பாதியில் விட்டவர்கள் உண்டா, வாரத்தில் ஒரு நாளாவது ஆசிரியர் உட்கார்ந்து பேசுகிறாரா, ஆய்வுக் கட்டுரையில் மாணவர் பெயர் முதலில் வருகிறதா. கடைசிக் கேள்விக்குப் பதிலை யாரிடமும் கேட்க வேண்டாம், ஆய்வுக் கட்டுரைகளை எல்லோரும் படிக்கும்படி போட்டு வைக்கிற ஆர்க்கைவ் இணையதளத்தில் அவர் பெயரைப் போட்டால் கட்டுரைகள் எல்லாம் வரும், நாமே பார்த்துக்கொள்ளலாம். எனக்குத் தெரிந்த ஒரு பெண், ஊரும் பேரும் வேண்டாம், எழுதி முடித்த கட்டுரையைப் படித்துக் கொடுக்கவே அவள் ஆசிரியர் ஒன்றரை வருஷம் எடுத்தார். அவரிடம் ஏற்கெனவே இருந்த மாணவர்களைக் கேட்டிருந்தால் ஐந்து நிமிஷத்தில் சொல்லியிருப்பார்கள். நல்ல வேளையாகப் பெரும்பாலான நிறுவனங்களில் முதல் வருஷம் பாடங்கள்தான், கைடைப் பிறகுதான் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த ஒரு வருஷம் விசாரிக்கத்தான்.

சேருவதற்கு முன்னாலேயே ஒரு கோடை இரண்டு மாதம் போய்ப் பார்க்கவும் வழி உண்டு. அயூகா, புணேயிலேயே இருக்கிற என்சிஆர்ஏ என்ற ரேடியோ வானியல் மையம், இந்திய வானியற்பியல் நிறுவனம் எல்லாவற்றிலும் மாணவர்களுக்கு விடுமுறைக் காலத் திட்டங்கள் இருக்கின்றன. மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து தருகிற கோடை ஆய்வு உதவித்தொகையும் உண்டு. சிலவற்றுக்குக் கடைசி வருஷ மாணவர்களை எடுக்க மாட்டார்கள், அறிவிப்பைப் படித்துவிட்டுப் போடச் சொல்லுங்கள்.

எந்த ஆசிரியருக்காவது மின்னஞ்சல் எழுதுவாள் என்றால், "மரியாதைக்குரிய ஐயா, எனக்குச் சிறு வயதிலிருந்தே வானத்தின் மீது ஆர்வம்" என்று ஆரம்பித்து ஒரே கடிதத்தை நாற்பது பேருக்கு அனுப்ப வேண்டாம். அந்தக் கடிதத்தை யாரும் இரண்டாவது வரிக்கு மேல் படிப்பதில்லை. ஒரே ஒருவருக்கு, அவருடைய ஒரு கட்டுரையைப் படித்து, அதில் தனக்குப் புரியாத ஓர் இடத்தைக் கேட்டு எழுதட்டும். கூடவே அந்த இரட்டை நட்சத்திரத்தின் வரைபடத்தை இணைக்கட்டும், காலக்கணக்குச் சரியாக வந்த பிறகு. வராவிட்டால் இங்கேயே போடச் சொல்லுங்கள், நான் பார்க்கிறேன்.